ஙப் போல் வளைந்த சொல்

கோலாலம்பூரின் செந்தூலிலோ பிரிக்பீல்ட்ஸிலோ, இரவு பதினொரு மணிக்கு, தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் உணவுக்கடையான மாமாக் கடை ஏதாவது ஒன்றில் போய் உட்கார்ந்து பாருங்கள். பக்கத்து மேசையில் நாலு பையன்கள் இருப்பார்கள். சுவரில் பெரிய திரை, அதில் பந்து விளையாட்டு. மேசையில் நாலு தே ஆயிஸ், ஆறிப்போன ஒரு தட்டு மீ கோரெங். பேச்சில் மூன்று சொல்லுக்கு ஒன்று அச்சில் ஏற்ற முடியாதது. கோல் தவறினால் ஒன்று, கோல் விழுந்தால் அதே ஒன்று, குழம்பு சட்டையில் தெறித்தால் அதையே கொஞ்சம் நீட்டி. அந்த நேரம் பார்த்து ஒருவனுடைய கைப்பேசி அதிரும். திரையில் ‘அம்மா’ என்று ஒளிரும். எடுத்த கையோடு குரல் இறங்கிவிடும்: “ஆ... மா. சாப்ட்டாச்சுமா. இல்லமா, கிட்டதான் இருக்கேன். அரை மணி நேரத்துல வந்துருவேன்மா.” மற்ற மூவரும் அதற்குள் வாயை மூடியிருப்பார்கள். யாரும் கண்ணைக் காட்டியிருக்க மாட்டார்கள், காலைத் தட்டியிருக்க மாட்டார்கள். பேசி முடித்துக் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்ததும், விட்ட இடத்திலிருந்து, விட்ட அதே வார்த்தையோடு பேச்சு தொடங்கும்.

“இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு வாயே சரியில்ல” என்ற புலம்பலை இங்கே தமிழர் கூடும் எல்லா இடத்திலும் கேட்கலாம். கோயில் அன்னதான வரிசையில், கல்யாண விருந்தில், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில். கேட்டால் தலையாட்டத்தான் தோன்றும். ஆனால் அந்த மூன்று பேர் வாய்மூடி இருந்த அரை நிமிடம் தொண்டையில் மீன்முள்ளாக நிற்கிறது. வாயே சரியில்லாதவனுக்கு எங்கே மூட வேண்டும் என்று மட்டும் எப்படித் தெரிந்தது? இன்னொரு முள்ளும் உண்டு. புலம்பி முடித்த பெரியவர் அடுத்த மூச்சிலேயே, ஓடிவரும் பேரனைப் பார்த்து, “டேய் கருவாயா, விழுந்து சாவாதடா” என்பார். அவர் கணக்கில் அது செல்லம். அந்த மாமாக் கடைப் பையன்களிடம் கேட்டால், கெட்ட வார்த்தை என்றால் அதுதான் என்பார்கள். ஒரே ஊர், ஒரே மொழி, இரண்டு கணக்கு.

ஙகரத்தின் பிழைப்பு

தமிழ்ப்பள்ளி முதலாம் ஆண்டில் ‘ங’ என்ற எழுத்தைச் சொல்லித்தரும் பாடு ஆசிரியருக்குத்தான் தெரியும். அ-வுக்கு அம்மா, ஆ-வுக்கு ஆடு. ங-வுக்கு எதைக் காட்டுவது? ஔவையார் ஆத்திசூடியில் ‘ஙப் போல் வளை’ என்று ஒரு வழி பண்ணிவிட்டுப் போனார். நன்னூலும் இந்த எழுத்துக்குச் சொல்லின் முதலில் பெரிய இடம் தரவில்லை. அங்ஙனம், இங்ஙனம் என்று ஒட்டிக்கொண்டு வரும் ‘ஙனம்’தான் அதன் சொத்து. ஆனால் தெருவில் ஙகரத்தில் தொடங்கும் ஒரு சொல் நன்றாகவே பிழைத்துக் கிடக்கிறது. அதைப் பிரித்துப் பாருங்கள். ‘உங்க’ தேய்ந்து ‘ங்’ ஆகியிருக்கிறது. பின்னால் ‘ஆத்தா’ ஒட்டியிருக்கிறாள். அதற்குப் பின்னால் வரவேண்டிய வினைச்சொல் எப்போதோ விழுந்துவிட்டது. இலக்கணப்படி இது முழுக்க முன்னிலைச் சொல். எதிரில் ஒருவன் நிற்க வேண்டும், அவனுக்கு ஒரு தாய் இருக்க வேண்டும். அப்போதுதான் அதற்குப் பொருள். இன்றைக்கு ஒரு பையன் மோட்டார் ஸ்டாண்டில் கால் கட்டைவிரலை இடித்துக்கொண்டு, கார் நிறுத்துமிடத்தில் தனியாக நின்று அதைச் சொல்கிறான். எதிரில் ஆளில்லை. ஸ்டாண்டுக்குத் தாயுமில்லை. முன்னெழுத்து தேய்ந்ததுபோலப் பொருளும் தேய்ந்து, அது வெறும் ‘ஐயோ’வாக வளைந்துவிட்டது.

இளையவர் பேச்சில் கெட்ட வார்த்தை பார்க்கும் வேலை நாலைந்துதான். பெயர் ஞாபகம் வராத பொருளுக்குப் பெயராக நிற்கும்: “அந்த மயிர எடு மச்சான்” என்றால் சார்ஜர் கைக்கு வரும். ‘இல்லை’ என்பதை அழுத்திச் சொல்லும்: “ஒரு மயிரும் புரியல.” ‘ரொம்ப’ என்பதற்குப் பதிலாக வரும், அந்த வேலையைப் பு-னாவில் தொடங்கும் சொல் எடுத்துக்கொண்டிருக்கிறது, சூடு, காரம், தூரம் எல்லாவற்றுக்கும் முன்னால் அது நிற்கிறது. வாக்கியம் முடிந்ததற்கு முற்றுப்புள்ளியாக வரும், மலேசியப் பேச்சில் ‘லா’ வருகிற இடத்தில். கடைசியாக, விளியாக வரும். உயிர்த் தோழனைத் தவிர வேறு யாரையும் அப்படிக் கூப்பிட முடியாது என்பதே அதில் உள்ள நெருக்கம். இந்த ஐந்து வேலையிலும் யாரும் யாரையும் வையவில்லை.

வசவாக மாறும் இடம் எதுவென்று காது பழகியவர்களுக்குத் தெரியும். “மயிர் சூடு லா” என்றால் வெயிலைப் பற்றிய பேச்சு. “நீ என்ன பெரிய மயிரா?” என்றால் ஃபுட்சால் திடலில் நாலு பேர் ஓடிவந்து விலக்க வேண்டியிருக்கும். சொல் அதேதான்; கூடுதலாக வந்தது ‘நீ’. அதற்கும் முன்னால் வரும் அடையாளம் ஒன்று உண்டு. பேச்சிலிருந்து ‘மச்சான்’ உதிர்ந்துவிடும். ‘மச்சான்’ இருக்கும்வரை எந்த வார்த்தையும் காயப்படுத்தாது. அது போய், அடையாள அட்டையில் இருக்கிற முழுப்பெயர் வாயில் வந்தால், ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லாத வாக்கியத்திலும் கை ஓங்கும். சண்டையை விலக்க நினைப்பவர் வார்த்தையைக் காதில் வாங்கிப் பயனில்லை. ‘மச்சான்’ எப்போது விழுந்தது என்பதைக் கவனித்தால் பாதி வழி முன்னாலேயே போய் நிற்கலாம்.

வள்ளுவரை இந்தப் பேச்சுக்கு இழுக்காத ஆளில்லை. “தீயினாற் சுட்டபுண்” என்று 129-ஆம் குறளைச் சொல்லிப் பிள்ளைகளை மடக்குவார்கள். அதே வள்ளுவர் 964-ஆம் குறளில், நிலையிலிருந்து தாழ்ந்த மாந்தர் தலையிலிருந்து விழுந்த மயிருக்குச் சமம் என்கிறார். நாக்கூசாமல்தான் எழுதியிருக்கிறார், ஏனென்றால் அன்றைக்கு அது வெறும் முடி. அதே குறளில் ‘இழிந்த மயிர்’ என்று அவர் காட்டிய மதிப்பின்மைதான் இன்றைய வசவின் விதையோ என்று எனக்கொரு சந்தேகம். சொல்லுக்குச் சாபம் பிறவியிலேயே வருவதில்லை. நாற்றம் என்றால் ஒரு காலத்தில் மணம். பினாங்கு ஜார்ஜ் டவுனில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் தெருவில் நடந்து போகும் தமிழ்ப் பையன், அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்துச் சங்கடப்படுகிறான். கலிங்கம் என்ற நாட்டுப் பெயரிலிருந்து வந்து, கடல் கடந்து வந்த தென்னிந்தியரைக் குறித்து நின்ற சொல் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ் முஸ்லிம்களின் தலைவருக்குப் பட்டமாகவே இருந்தது. இன்று அதைப் பள்ளித் திடலில் ஒருவன் சொன்னால் அடிதடி. பலகையில் இருந்தால் வரலாறு, வாயில் வந்தால் வசவு.

தொல்காப்பியர் இதை ஒரே வரியில் முடித்துவிட்டார்: “அவையல் கிளவி மறைத்தனர் கிளத்தல்.” சபையில் சொல்லத் தகாததை மறைத்துச் சொல் என்கிறார். ‘கெட்ட’ கிளவி என்று சொல்லவில்லை. அவையல் கிளவி, அந்த அவைக்கு ஆகாத கிளவி. கெடுதல் இருப்பது சொல்லுக்கும் சபைக்கும் நடுவே. நன்னூலார் இதற்கு இடக்கரடக்கல் என்று பெயர் வைத்தார். ‘கால் கழுவி வந்தேன்’ என்பதை உதாரணமாகக் காட்டிப் பள்ளியில் சொல்லித்தருவார்கள். ‘ஙொய்யால’ என்று பல்லைக் கடிப்பவன் செய்வது அதே இடக்கரடக்கல்தான். நன்னூல் அதன் பக்கத்திலேயே குழூஉக்குறியையும் வைக்கிறது: பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பதும், வேடர் கள்ளைச் ‘சொல்விளம்பி’ என்பதும். ஒரு கூட்டத்துக்குள் மட்டும் செல்லுபடியாகும் நாணயம். மாமாக் கடை மேசை ஓர் அவை. அம்மாவின் அழைப்பு வந்தால் அவை மாறுகிறது. பையன்கள் வாயை மூடியது இலக்கணம் பிசகாமல்தான்.

கடன் வாங்கியதற்குக் கனமில்லை

தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு படித்துவிட்டு இடைநிலைப் பள்ளிக்குப் போகும் பிள்ளை, முதல் மாதத்தில் மலாய் இலக்கணத்துக்கு முன்னால் மலாய் வசவைத்தான் கற்றுக்கொள்கிறது. புகுமுக வகுப்பில் உட்கார்ந்தாலும் சரி, நேரே முதலாம் படிவம் போனாலும் சரி. பொடோ, பங்காங், சியால், சிலாக்கா, பாபி. பினாங்கு, பட்டர்வொர்த் பக்கம் என்றால் கூடவே ஹொக்கியன் என்ற சீன மொழியும் வரும். பாசாரில் மீன் வெட்டும் தமிழ்ப் பையன் வாயிலிருந்து வரும் ஹொக்கியன் வசவின் உச்சரிப்பு, ஹொக்கியன்காரர்களே திரும்பிப் பார்க்கும்படி இருக்கும். மாற்றாக, மலாய்க்கார, சீனத் தோழர்கள் தமிழில் முதலில் கற்பதும் இதைத்தான். ‘வணக்கம்’ தெரியாதவனுக்கும் பு-னா தெரியும். ‘போடா’வும் ‘மச்சா’வும் தமிழர் சொத்து என்ற நிலை போய், மலேசியப் பொதுச் சொத்தாகி எவ்வளவோ நாளாயிற்று.

இந்தப் பண்டமாற்றில் ஒரு தவறு திரும்பத் திரும்ப நடக்கும். கடன் வாங்கிய சொல்லுக்கு வாங்கியவன் வாயில் கனமில்லை. சொந்தக்காரன் காதில் முழுக் கனம். இது வெறும் ஊகமில்லை. பல மொழி பேசுகிறவர்களிடம் கேட்டு ஜான் மார்க் டெவாலே 2004-இல் வெளியிட்ட ஆய்வில், வசவுச் சொல் முதல் மொழியில்தான் அதிகமாகக் குத்துகிறது என்று தெரியவந்தது. அதற்கு முந்தைய ஆண்டு கேத்தரின் ஹாரிஸ் குழு, துருக்கியும் ஆங்கிலமும் தெரிந்தவர்களின் விரல் தோலில் வியர்வை மாற்றத்தை அளந்து பார்த்தது. சிறுவயதில் கேட்ட வீட்டுத் திட்டு துருக்கி மொழியில் காதில் விழுந்தபோதுதான் தோல் அதிகம் பதறியது. நம்மூரில் இதற்குக் கருவியே வேண்டாம். ஆங்கில எஃப் வார்த்தையை அப்பா முன்னால் முணுமுணுத்துத் தப்பிக்கிற பையன், அதன் தமிழ்ப் பொருளை அவர் முன்னால் சொல்ல மாட்டான்.

அதனால் தொழிற்சாலையில் கால் வைக்கும் இளையவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது எடைக் கணக்கு. பினாங்கின் பாயான் லெப்பாஸ் தடையற்ற தொழில் வட்டாரம் 1972-இல் தொடங்கிய நாள் முதல் ஒரே வரிசையில் மூன்று இனமும் நின்று வேலை செய்கிற இடம். அங்கே ‘பாபி’ என்ற சொல்லை இந்துப் பையன் ஒருவன் இயந்திரத்தைப் பார்த்துச் சொன்னால், அவன் மனசில் அது ‘பன்னி’ அளவு எடைதான். பக்கத்தில் நிற்கும் மலாய்க்காரருக்கும் தமிழ் முஸ்லிம் அண்ணனுக்கும் அது வேறு எடை. ‘பந்தாட்’ இன்னும் வம்பு: இந்தோனேசியத் தொழிலாளிக்கு அது பிட்டம், பேச்சோடு பேச்சாகப் போய்விடும், மலேசியக் காதில் அது பெண்ணுறுப்பின் கொச்சை. ‘சியால்’ இளையவர் நடுவே ‘செம’ என்கிற அளவுக்கு இளகிவிட்டது, “பெஸ்ட் சியால்” என்பார்கள். ஐம்பது வயது சூப்பர்வைசருக்கு அது இன்னும் தரித்திரம் பிடித்தவனே என்ற சாபம்தான். மன்னிப்புக் கேட்கும்போது “நான் உங்கள சொல்லல, மெஷின சொன்னேன்” என்பது உண்மையாகவே இருக்கும். ஆனால் எடை போடுகிறவன் சொன்னவன் இல்லை, கேட்டவன். “இந்தச் சொல் உங்களுக்கு இவ்வளவு கனம்னு தெரியாது, இனி வராது” என்றால் முடிந்துவிடும். மெஷினை இழுத்தால் வளரும்.

சொல்லச் சொல்லத் தேயும் என்பதற்கும் சோதனை உண்டு. இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஸ்டீவன்ஸ் 2009-இல் மாணவர்களை ஐஸ் தண்ணீரில் கைவைக்கச் சொன்னார். கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டே கைவைத்தவர்கள், சாதாரணச் சொல் சொன்னவர்களைவிட அதிக நேரம் தாங்கினார்கள். 2011-இல் அடுத்த சோதனை: தினமும் வாய் நிறையக் கெட்ட வார்த்தை பேசுகிறவர்களுக்கு அந்தப் பலன் குறைவு. 2020-இல் மூன்றாவது: இரண்டு போலி வசவுகளைப் புதிதாக உருவாக்கிச் சொல்லவைத்தார், வலி ஒரு துளியும் குறையவில்லை. ஆக மருந்து வேலை செய்ய வேண்டுமென்றால் உண்மையான வார்த்தையாக இருக்க வேண்டும், அதுவும் எப்போதாவதுதான் எடுக்க வேண்டும். தே ஆயிஸ் வர ஐந்து நிமிடம் தாமதமானதற்கு எடுத்துவிட்டால், கால் முறியும்போது பெட்டி காலி.

இரண்டு பட்டியல்

பெரியவர்களின் பட்டியலுக்கு வருவோம். அதில் உடல் உறுப்பு அதிகமில்லை, சாபம்தான் நிறைய. சனியனே, மூதேவி, கட்டையில போறவனே, நாசமாப் போவ, பேதியில போக, வெளங்காதவனே. சனி கிரகமும் மூத்த தேவியும் மலாயில் உள்ள சிலாக்காவும் ஒரே குடும்பம், மூன்றுமே துரதிர்ஷ்டத்தை ஆள் மேல் ஏவிவிடுகிற சொற்கள். தோட்டத்தில் கங்காணி வாயிலிருந்து வந்ததையும் கிராணி வாயிலிருந்து வந்ததையும் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு இவை வசவாகவே படாது. இவற்றோடு இன்னொரு கூட்டம் சேரும்: கருவாச்சி, கரிச்சட்டி, குண்டு, நெட்டக்கொக்கு, தண்டச்சோறு, பிள்ளை இல்லாத பெண்ணைச் சொல்லும் அந்த ஒரு சொல். பொருள் தெரியாமலேயே ‘சண்டாளா’வும் வரும், அது ஒரு சாதிப் பெயர் என்று சொன்னால் பாட்டி திகைப்பாள். இன்னும் இரண்டு மூன்று சாதிப் பெயர்கள் கப்பலேறி வந்து, சாதி எதுவென்று தெரியாத பேரன் காலத்திலும் வசவாக மட்டும் வாழ்கின்றன.

இப்போது இளையவர்களிடம் கேளுங்கள். உறுப்புப் பெயர் சொன்னதற்கு அவர்கள் கூச்சப்பட மாட்டார்கள். ஆனால் நிறத்தை, பருமனை, சாதியை, இனத்தைத் தொட்டால் மேசையே அமைதியாகும். “டேய், அது வேணாம்” என்று ஒருவன் சொல்வான். இதில் அவர்கள் எல்லாரும் யோக்கியர்கள் என்று சொல்ல வரவில்லை. கோபத்தில் அதே கருவாயன் வரத்தான் செய்கிறான். ஆனால் வந்துவிட்டால் தப்பு என்ற கணக்கு அவர்களிடம் இருக்கிறது. பெரியவரிடம் அந்தப் பத்தியே இல்லை. பெரியவரின் வசவு ஆளைத் தேடிப் போகிறது, சொல் மட்டும் சுத்தம். பையனின் வசவுக்குப் போகுமிடமே இல்லை, சொல் மட்டும் அழுக்கு. எது மோசம் என்று என்னைக் கேட்டால் முதலாவதைத்தான் சொல்வேன். குளிக்காத நாய் கடிக்காமல் இருக்கலாம், குளித்த நாய் கடிக்கவும் செய்யலாம்.

ஆனால் இளையவர்களின் கணக்கில் பெரிய ஓட்டை ஒன்று உண்டு, அது பெண்கள் விஷயம். வசவுப் பட்டியலை எடுத்து எண்ணிப் பார்த்தால் அம்மா, அக்காள், பெண்ணின் உடம்பு, பெண்ணின் தொழில் என்று சொல்லப்படுவது, இவைதான் முக்கால்வாசி. ஆண்கள் இருவர் சண்டை போட, அங்கே இல்லாத ஒரு பெண் அடி வாங்குகிறாள். இந்தச் சொற்களை இளம்பெண்களும் தங்களுக்குள் தாராளமாகப் பேசுகிறார்கள், பேருந்திலோ எல்.ஆர்.டி. ரயிலிலோ காது இருந்தால் கேட்கலாம். அதே பெண் அதே சொல்லைப் பையன்கள் மேசையில் சொன்னால், “பொம்பளப் புள்ள மாதிரியா பேசுற?” என்று அந்தச் சொல்லையே முற்றுப்புள்ளியாக வைத்துக் கேட்பான் ஒருவன். நிறத்தில் முன்னேறியவன் இங்கே தாத்தாவாகிவிடுகிறான்.

நூறு வெள்ளி

“பொருளில்லாமல்தானே சொல்கிறோம், யாரையும் இல்லையே” என்ற இளையவர்களின் வாதம் ஒரு கட்டத்தில் நொறுங்கியது. 2024 ஜூலை 5. ஈஷா என்று டிக்டாக்கில் எல்லாரும் அறிந்த ராஜேஸ்வரி கோலாலம்பூரில் தம் வீட்டில் இறந்து கிடந்தார். இணையத்தில் தமக்கு வரும் வசவையும் மிரட்டலையும் பற்றிப் போலீசில் புகார் கொடுத்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. அந்த மாதமே, அவரை இணையத்தில் வைத ஒரு பெண் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 1955-ஆம் ஆண்டுச் சிறு குற்றங்கள் சட்டத்தின் 14-ஆம் பிரிவு. அபராதம் 100 வெள்ளி, அதாவது ரிங்கிட். அந்தப் பிரிவில் அதிகபட்சமே அவ்வளவுதான். கோப்பிக் கடை வாசலில் இரண்டு பேர் வாய்ச்சண்டை போட்டால் என்ன செய்வது என்று யோசித்து எழுதியது போன்ற பிரிவு அது. ஒரு பார்க்கிங் சம்மன் அளவு காசைக் கட்டிவிட்டு வெளியே போகலாம் என்றதும், தமிழர் மட்டுமில்லை, நாடே கொதித்தது.

பழைய இலக்கணம் தடுமாறிய இடம் அதுதான். மாமாக் கடை மேசைக்கு நாலு பக்கம் உண்டு. அம்மா அழைத்தால் மூடிக்கொள்ளலாம். டிக்டாக் நேரலைக்குக் கதவில்லை. அங்கே ஒருவன் தட்டும் பு-னா அவன் மேசையில் வெறும் முற்றுப்புள்ளி. இருநூறு பேர் ஒரே இரவில் அதே முற்றுப்புள்ளியை ஒரே பெண்ணின் பெயருக்குக் கீழே வைத்தால் அது கல்லெறி. தட்டிய ஒவ்வொருவனுக்கும் தான் எறிந்தது ஒரு சின்னக் கல் என்றுதான் தெரியும். குவியல் தெரிவது மறுபக்கம் இருப்பவருக்கு மட்டும். ‘மச்சான்’ எங்கே விழுந்தது என்று கேட்கக் குரலும் இல்லை, பார்க்க முகமும் இல்லை.

சட்டம் பிறகு ஓடிவந்தது. தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233-ஆம் பிரிவில் முன்பு 50,000 வெள்ளியாக இருந்த உச்ச அபராதம் 2025 பிப்ரவரியிலிருந்து 5 லட்சம் வெள்ளி, சிறை 2 ஆண்டு வரை. தண்டனைச் சட்டத்தில் 507பி முதல் 507ஜி வரை புதிய பிரிவுகள் சேர்ந்து 2025 ஜூலை 11 முதல் நடப்பில் இருக்கின்றன. வசைபாடித் துன்புறுத்தியதால் ஒருவர் தற்கொலைக்கு முயன்றாலோ உயிரை மாய்த்துக்கொண்டாலோ 10 ஆண்டு வரை சிறை. ஆனால் புகார் நிற்பதும் படுப்பதும் சாட்சியில்தான். பாதிக்கப்பட்டவர்கள் அவமானம் தாங்காமல் முதலில் செய்வது அழிப்பது, அதுதான் முதல் தவறு. அழிக்காதீர்கள். வசவு தெரியும் திரையைப் படம் பிடிக்கும்போது பயனர் பெயர், நாள், நேரம் மூன்றும் ஒரே படத்தில் இருக்கட்டும். பெயரை ஐந்து நிமிடத்தில் மாற்றிவிடுவார்கள், அதனால் கணக்கின் இணைப்பு முகவரியையும் தனியாகப் படியெடுத்து வையுங்கள். நேரலை முடிந்தால் பேச்சு போய்விடும். திரைப் பதிவை ஓடவிட்டு எடுப்பதுதான் வழி. பதில் வசவு ஒன்றுகூட வேண்டாம், வழக்கில் இரண்டு பக்கமும் வைததாகிவிடும். அதன் பிறகு போலீஸ் புகார், அந்தப் புகார் எண்ணோடு தொடர்பு, பல்லூடக ஆணையத்துக்கு இன்னொரு புகார். புகாரில் தமிழ்ச் சொல்லை அப்படியே எழுதி, பக்கத்தில் மலாயில் பொருளும் எழுதுங்கள். படிக்கிற அதிகாரிக்குத் தமிழ் தெரியாவிட்டால் அது வெறும் எழுத்து. மனசு தாங்காத இரவில் கோலாலம்பூர் பெஃப்ரெண்டர்ஸ் எண் 03-7627 2929, நாள் முழுக்க எடுப்பார்கள்.

வீட்டில் என்ன செய்வது என்பதற்குப் பழைய வைத்தியம் வாயில் மிளகாய். அது ஒன்றைத்தான் கற்றுத்தரும்: அம்மா காதில் விழாமல் பேச வேண்டும் என்பதை. அதைப் பிள்ளை எப்படியும் கற்றுக்கொள்ளும், மிளகாய் வீண். மூன்று வயதுக் குழந்தை மழலையில் ஒன்றைச் சொன்னதும் சித்தப்பா சிரித்துவிட்டு, “இன்னொரு தடவ சொல்லு” என்று படம் பிடிப்பதுதான் முதல் பிழை. அந்த வயதில் சிரிப்பும் வேண்டாம், அடியும் வேண்டாம். காதில் விழாததுபோல் அடுத்த பேச்சுக்குப் போனால் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். பத்து வயதுக்கு மேல் என்றால் பொருளைச் சொல்லிவிடுவதே மேல். அந்த வயதுப் பையனுக்கு ஙகர வார்த்தையில் ஆத்தா இருப்பதே தெரியாது. “இதுல ‘உங்க’ எங்க இருக்கு, சொல்லு பாப்போம்” என்று பிரித்துக் காட்டினால் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். பதினைந்து வயதுக்காரனிடம் தடை எடுபடாது. யாரை நோக்கி, எந்த மேசையில் என்று மட்டும் பேசலாம். அதையும் திட்டாமல் பேச வேண்டும். “சனியனே, கெட்ட வார்த்தை பேசாதடா” என்று தொடங்கினால் அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்பான்.

நேரலை நடத்துபவர்களுக்கு டிக்டாக் அமைப்பில் சொல் வடிகட்டி இருக்கிறது, நம்பிக்கையான நண்பர் ஒருவரைக் காவலுக்கு வைக்கும் வசதியும் இருக்கிறது. வடிகட்டியில் தமிழ் வசவை ஏற்றுவது தனிக் கலை. ஒரு சொல்லை ஒரு முறை போட்டால் போதாது, ஏனென்றால் யாரும் தமிழ் எழுத்தில் வைவதில்லை. ரோமன் எழுத்தில் ‘த’வுக்கு மூன்று விதம், நெடிலுக்கு இரண்டு விதம், கடைசி உயிரெழுத்தை விட்டுவிட்டு ஒன்று, நடுவில் புள்ளி வைத்து ஒன்று, எழுத்துக்குப் பதில் எண் போட்டு ஒன்று, ஒரு ஙகர வார்த்தைக்கே பத்துப் பன்னிரண்டு வரி வேண்டும். கருவாச்சிக்கு, குண்டுக்கு, கெலிங்குக்குத் தனித்தனி வரிசை. குறுஞ்சொல்லைப் போடும்போது பார்த்துப் போட வேண்டும், ‘பூ’வை அடைத்துவிட்டால் பூக்கடை நேரலை ஊமையாகிவிடும். எல்லாம் ஏற்றி முடித்துக் காவலுக்கு இருப்பவர் உட்கார்ந்தால், பின்னிரவில் ஒரு வரி வரும்: “அக்கா, உங்க அம்மாவ கேட்டதா சொல்லுங்க.” ஒரு கெட்ட எழுத்துகூட அதில் இல்லை. வடிகட்டி விட்டுவிடும். எழுதியவன் பக்கத்துத் தெருத் தம்பியா, நேற்று இரவு முழுக்க வைதவனா? காவலுக்கு இருப்பவர் அந்தப் பெயரை அழுத்தி, பழைய வரிகளை ஒவ்வொன்றாக மேலே தள்ளிப் பார்த்துக்கொண்டிருப்பார்.